மரண அறிவித்தலில் இருந்த எண்: விட்பியிலிருந்து வெக்ஸ்போர்ட் வரை

இதுவரை யாரும் கைதுசெய்யப்படவில்லை. இன்று, திங்கட்கிழமை, காலை 9.40 மணிக்கு வழக்கை விசாரிக்கும் பொலிஸ் அதிகாரி தொலைபேசியில் இதை எனக்கு உறுதிப்படுத்தினார். காரின் நிறம் தெரியும், இலக்கத் தகட்டில் பாதி தெரியும், மற்றப் பாதி தெரியாது என்றார். மேலும் கேட்டுப் பார்த்தேன். சொல்லவில்லை.

ஒக்டோபர் மாதம் ஒரு மாலை, வெக்ஸ்போர்ட்டில் டோனற் கோப்பிக் கடை வாசலில் வேலைக்கு ஏற்றிப்போகும் வான் வண்டிக்காக நின்ற ரமணனுக்கு வயது இருபத்தேழு. ஓடும் காரிலிருந்து வேறு யாருக்கோ வைத்த துப்பாக்கி வெடி பட்டு இறந்துபோனார். இப்படியான துப்பாக்கிச் சூடுகள் கூடிவருவதால் நகரம் என்ன செய்யவேண்டும் என்று குடிமக்களிடம் கேட்க, மாநகரசபை கடந்த சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு அங்குள்ள பாடசாலை ஒன்றில் கூட்டம் வைத்தது. இங்குள்ள ஆறு நகரங்களும் ஒரே மாநகரசபையின் கீழ் ஒன்றாக்கப்பட்ட முதல் வருடம் இது. யார் எதற்குப் பொறுப்பு என்று சபைக்கே முழுதாகத் தெரியாத காலம். அதனால்தான் போய்ப் பார்க்க நினைத்தேன். எழுதுவதற்கு முன் ரமணனின் அண்ணருடன் நேரிலும் பேச விரும்பினேன்.

விட்பியில் 11.40 ரயில். பெட்டியில் என்னோடு நான்கு பேர். ஏஜக்ஸில் இரண்டு பேர் இறங்கினார்கள். ஏரிப் பக்கத்து யன்னலில் அமருங்கள், பிக்கரிங் தாண்டியதும் தண்ணீர் தெரியும். அன்று ஏரியும் வானமும் ஒரே சாம்பல் நிறம். முப்பது கிலோமீற்றர் தூரத்தில் என்னோடு பேசியவர் பயணச்சீட்டுப் பரிசோதகர் ஒருவர்தான். அவர் கேட்டதும் பயணச்சீட்டைத்தான்.

எக்லின்ரன் நிலையத்தில் 12.15க்கு இறங்கி, இரண்டு டொலர் கொடுத்து பஸ் ஏறினேன். மாறுசீட்டை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். அதே சீட்டில் கென்னடி போய், சின்ன ரயிலில் ஒரு தரிப்பு கடந்து, லோறன்ஸ் வீதி பஸ்ஸில் மேற்கே போகலாம். பஸ் சாரதியிடம் பாடசாலையைக் கேட்டேன். "டோனற் கடைக்கு அடுத்த தரிப்பு" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அந்த டோனற் கடைதான்" என்றார். 1.10க்கு இறங்கினேன்.

நேரம் இருந்தது. கடைத்தொகுதியின் பலசரக்குக் கடைக்குள் போனேன். கதவுக் கண்ணாடியில் ரமணனின் மரண அறிவித்தல் இன்னும் ஒட்டியிருந்தது. நம்மவர் அறிவித்தல்கள் எப்படியிருக்கும் என்று வாசகருக்குத் தெரியும்: படம், பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், அன்னாரின் உறவுகள் எல்லாரும், கடைசியில் வீட்டுத் தொலைபேசி எண். முந்திய ஞாயிறு துக்கம் விசாரிக்க அந்த வீட்டுக்கு நான் அழைத்ததும் தமிழ் வாரப் பத்திரிகையில் வந்த இதே அறிவித்தலைப் பார்த்துத்தான்.

காசுப்பெட்டியடியில் நிற்கும் பரமேஸ்வரி அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கூட்டத்துக்கோ வந்தனீங்கள்?"

"ஓம்."

"முக்கால் மணித்தியாலம் முந்தி வந்திருக்கிறியள். தமிழ் ஆள்தானோ?"

"பத்திரிகைக்காரன்."

"அப்ப சரி. உங்கட ஆக்கள் துக்கத்துக்கு மட்டும் முந்தி வருவினம்."

கூட்டத்தில் நாற்பது கதிரைகள் போட்டிருந்தார்கள். நிரம்பியவை பாதிக்குக் கொஞ்சம் கூட. ஒருவர் கூடுதல் பொலிஸ் வேண்டும் என்றார். ஒருவர் எல்லை கடந்து வரும் துப்பாக்கிகளை முதலில் நிறுத்தச் சொன்னார். உடற்பயிற்சி மண்டபத்தை ஏன் நாலு மணிக்குப் பூட்டுகிறீர்கள் என்று ஒரு தாய் கேட்டார். வாகனத் தரிப்பிடத்தில் விளக்கு எரிவதில்லை என்றார் கடைக்காரர் ஒருவர். எல்லாம் நியாயமானவை. சபை உறுப்பினர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு அங்கு வந்திருந்த பொலிஸ் அதிகாரி, பெயர் சொல்லாமல் தகவல் தரக்கூடிய தொலைபேசி எண்ணைப் பலகையில் எழுதி, இந்தச் சம்பவம் பற்றி அதற்கு ஒரு அழைப்பும் வரவில்லை, கண்டவர்கள் பேசுவதில்லை என்றார்.

அப்போதுதான் பின்வரிசையில் ஒருவர் எழும்பினார். ஒஷாவாவில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலைசெய்பவர், வயது நாற்பத்தொன்று. ரமணனின் அண்ணர் சிவநேசன். மடித்த பத்திரிகையை மேசையில் விரித்து வைத்து, சபை அழைத்து வந்திருந்த மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துத் தமிழில் பேசினார்.

"அவை கதைக்கினம். உங்கட நம்பருக்கு எடுக்கேல்லை, இந்த நம்பருக்கு எடுக்கினம். இது என்ரை வீட்டு நம்பர்."

மூன்று ஞாயிறு, பின்னேரம் மூன்று மணியளவில் ஒருவர் அழைத்திருக்கிறார். முதல் நாள் மூச்சுச் சத்தமும் பின்னால் பஸ் இரையும் சத்தமும் மட்டும். இரண்டாம் நாள், "அண்ணை, நான் கண்டனான்" என்று வைத்துவிட்டார். மூன்றாம் நாள் காரின் நிறமும் இலக்கத்தில் பாதியும். மற்றதை யோசித்து அடுத்த ஞாயிறு சொல்வதாகச் சொன்னார். அகதி வழக்கு முடியாதவர். பொலிஸ் எண்ணில் ஆங்கிலக் குரல் கேட்டதும் வைத்துவிட்டாராம்.

"அந்த ஞாயிறு வரேல்லை. எனக்கு இந்த மாசம் முப்பத்தோராம் திகதியோட வீட்டு லீஸ் முடியுது. ஒஷாவாவில அறை எடுத்திட்டன். இந்த நம்பர் அங்க வராதாம். நான் கேக்கிறது ஒண்டுதான். இந்த நம்பரை நீங்கள் எடுங்கோ. ஒரு தமிழ் ஆளை இருத்துங்கோ."

அதிகாரி, தன்னால் முடிவெடுக்க இயலாது, சபையின் உரிய குழுவுக்கு அனுப்புவதாகச் சொன்னார். சபை உறுப்பினர் அதையும் எழுதிக்கொண்டார்.

கூட்டம் முடிந்ததும் சிவநேசன் என்னை வீட்டுக்கு அழைத்தார். 450 மீற்றர் நடை, எட்டாம் மாடி. மனைவியும் மகளும் கொழும்பில் விசாவுக்குக் காத்திருக்கிறார்கள். இரண்டு கட்டில், ஒன்றில் மட்டும் படுக்கை விரிப்பு. தொலைபேசியைக் கதிரை ஒன்றில் வைத்து யன்னலோரம் இழுத்திருந்தார். அங்கிருந்து டோனற் கடை தெரிகிறது.

தேநீர் ஊற்றும்போது மணி அடித்தது. ஓடிப்போய் எடுத்தார். "ஓம்... சாப்பிட்டன். பிள்ளை எங்க? சரி, வையும். லைன் வேணும். பிறகு நான் எடுக்கிறன்." ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"மனிசி," என்றார். "கோபம்தான். என்ன செய்யிறது?"

போன ஞாயிறு அந்தக் கண்ட ஆள் ஏன் அழைக்கவில்லை என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். சிவநேசன் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"எடுத்திருப்பார் அண்ணை. லைன் கிடைச்சிராது."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வாரநாளில் எல்லாரும் வேலையில், துக்கம் விசாரிக்க ஞாயிறு பின்னேரம்தான் நல்ல நேரம் என்று நம்மவர் எல்லாரும் நினைப்பது போலவே நானும் நினைத்தேன். அந்த ஞாயிறு 2.50 முதல் 3.15 வரை சிவநேசனுடன் பேசியது நான். ஊர், உறவு, தெரிந்தவர்கள் எல்லாம் விசாரித்தேன்.

"வையுங்கோ எண்டு சொல்லியிருக்கலாமே."

"துக்கம் கேக்க எடுத்த ஆளிட்டை எப்பிடி வையுங்கோ எண்டு சொல்லுறது?"

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார். 5.20க்கு எழும்பினேன். லிஃப்ற் வரைக்கும் வந்து வழியனுப்பக்கூட அவரால் முடியவில்லை. கதவில் நின்றபடி உள்ளே காது கொடுத்துக்கொண்டிருந்தார். திரும்பும் ரயிலில் பெட்டி முழுவதும் நான் மட்டும்.

முப்பது வருடமாகச் செய்தி எழுதுகிறேன். நகரங்கள் இப்படியான நேரத்தில் புதிதாக ஒரு எண்ணை அச்சடித்து, மக்கள் அதற்கு வரவேண்டும் என்று காத்திருக்கும். மக்களோ தாங்கள் நம்பும் எண்ணை ஏற்கெனவே கடைக் கண்ணாடியில் கண்டுவிட்டார்கள். பொலிஸும் விளக்கும் மண்டபமும் வேண்டும்தான். ஆனால் ஒரு தனிமனிதர் யன்னலோரம் செய்யும் வேலையை நகரம் ஏற்றால்தான் மற்றவற்றுக்குப் பொருள் இருக்கும்.

இதே வழியில் போகிறவர்களுக்கு: சனிக்கிழமை ரயில்கள் குறைவு, திரும்பும் நேரத்தை முதலே பார்த்து வையுங்கள். லோறன்ஸ் வீதியில் காற்று கடுமை, காதை மூடுங்கள். துக்க வீட்டுக்குத் தொலைபேசியில் அழைக்காமல் நேரே போங்கள். கதவைத் தட்டினால் போதும்.

தகவல் எண்ணில் தமிழ் பேசுபவரை அமர்த்துவதா, சிவநேசனின் எண்ணை ஏற்பதா என்பதைக் குழு ஜனவரி இரண்டாம் வாரம் எடுக்கும் என்று சபை உறுப்பினரின் அலுவலகம் இன்று சொன்னது. லீஸ் முடிவது டிசம்பர் 31. இடையில் உள்ள நாட்களுக்கு யாரிடமும் பதில் இல்லை.

நேற்று ஞாயிறு. மூன்று மணிக்கு அந்த வீட்டில் மணி அடித்ததா என்று எனக்குத் தெரியாது. அறியவேண்டுமானால் அந்த எண்ணுக்குத்தான் அழைக்கவேண்டும்.