கோல சிலாங்கூர் போயி கேமரா திருப்பக் கத்துக்கிட்டது

கல்யாணத்தப் படம் புடிக்க கேமரா முக்காலியத் தூக்கிக்கிட்டு தோட்டம் தோட்டமா கெளம்புற தம்பிமாருக்கு இத எழுதுறேன். நான் படிச்சது அஞ்சாப்பு. பிழை இருந்தா சிரிச்சிட்டுப் போங்க, எனக்கென்ன நட்டம்.

நடந்தது எண்பத்தாறுல. பெரியம்மா மக காளியம்மா அக்கா, கோல சிலாங்கூர் பக்கம் தோட்டத்துல இருந்தாங்க. அவங்க மகளுக்குக் கல்யாணம். அத்தானோ லோரியில இருந்து விழுந்து, கால் ஒடிஞ்சு கிள்ளான் ஆஸ்பத்திரியில கெடக்காரு. "கல்யாணத்த அவரு படத்துலயாவது பாக்கணும், வந்துரு"ன்னு அக்கா சொல்லி அனுப்பிச்சாங்க.

சனிக்கெழம காலையில ஆறு மணிக்கு செரண்டாவுல மோட்டார் சைக்கிள எடுத்தேன். அறுபது கிலோமீட்டர் சொச்சம், பெட்ரோல் எண்ணெய்க்கு மூணு வெள்ளி. பத்தாங் பெர்ஜுந்தையில நாப்பது காசுக்கு தேத்தண்ணி. முதுகுல கட்டுன முக்காலியப் பாத்துட்டு ஒரு போலீஸ்காரரு, துப்பாக்கியான்னு மலாய்ல கேட்டாரு. "ஆமா துவான், சுட்டா மாப்பிளதான் விழுவான்"னேன். சிரிச்சிட்டு விட்டாரு. எட்டே காலுக்குத் தோட்டம்.

கோயில் வாசல்ல இருந்து மணவறை வரைக்கும் பொண்ணு நடந்து வர்றத ஒரே இழுப்புல எடுக்கணும். சாயங்காலம் ஒத்திக எடுத்து, தோட்டத்து ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி வீட்டு டிவில போட்டா, படம் வெட்டி வெட்டி இழுக்குது.

"டேய், எம்மக நடந்து வர்றாளா, ஓட்ட பஸ்ஸுல வர்றாளா? இதப் பாத்தா அவருக்கு இன்னொரு காலும் போயிரும்"னாங்க அக்கா.

"அப்ப நீயே திருப்பு லா."

அக்கா இருபது வருசமா கித்தா மரத்துல, அதான் ரப்பர் மரத்துல, பால் வெட்டுறவங்க. என் முழங்கையில ஒரு தட்டு தட்டுனாங்க. "கையால திருப்புற, அதான் குதிக்குது. கைய ஆட்டி மரத்த வெட்டுனா பட்டையில காயமாயிரும். கை சும்மா புடிச்சிருக்கணும், ஒடம்புதான் சுத்திப் போகணும்."

அது மாதிரியே செஞ்சேன். ரெண்டு பாதத்தையும் மணவறையப் பாக்க ஊனி, இடுப்ப மட்டும் வாசல் பக்கம் முறுக்கி நின்னேன். முறுக்கு அவுறுறப்ப ஒடம்போட கேமராவும் வழுக்கிக்கிட்டு வருது. முழங்கை விலாவுல ஒட்டிருக்கணும். முக்காலித் தலையில இருக்குற திருகாணிய ரொம்பத் தளத்தாதீங்க, கொஞ்சம் இறுக்கம் இருந்தாத்தான் ஆடாது. முக்காலி நடுவுல அஞ்சு கிலோ அரிசிப் பையத் தொங்க விட்டேன்.

ஞாயித்துக்கெழம பொண்ணு வாசலுக்கு வந்த நேரம் பாத்து, முக்காலியோட ஒரு கால் ஈர மண்ணுல எறங்குது. பட்டுச்சேலையோட அக்கா குந்தி அந்தக் காலப் புடிச்சிக்கிட்டாங்க.

"பொண்ணோட அம்மா எங்க?"ன்னு மணவறையில கத்துறாங்க.

அக்கா அசையல. எனக்கு மட்டும் கேக்குற மாதிரி, "மெதுவா... அவ வரட்டும்... அவசரப்படாத... ம், அவ்வளவுதான்." பொண்ணு ஒக்காந்ததும் சேத்துக் கையோட மணவறைக்கு ஓடுனாங்க.

கேமரா மைக்குல பக்கத்துப் பேச்செல்லாம் ஏறிரும் தம்பி, வாய மூடிக்கிட்டு எடுங்க. எனக்கு அது அன்னைக்குத் தெரியாது.

மூணு வாரங் கழிச்சி அத்தான் வீட்டுக்கு வந்தாரு. கிராணி வீட்டுல போட்டுக் காட்டுனோம். பாத்துட்டு, "பொண்ணு நடந்து வர்றத மறுபடியும் போடு"ன்னாரு. போட்டேன். "இன்னொரு தடவ."

"மக மேல அம்புட்டு ஆசையா?"ன்னேன்.

"மகளப் பாத்தாச்சுடா. கட்டுன நாள்ல இருந்து இவ இத்தன மெதுவாப் பேசி நான் கேட்டதில்ல."

"போதும், டிவிய அணைடா!"ன்னு அக்கா போட்ட சத்தம் பக்கத்து லயத்து வீடுக வரைக்கும் கேட்டுச்சு.