பத்துச் சுற்றும் ஒரு கிரைண்டரும்

தொண்ணூறுகளில் அன்னூர்ப் பக்கம் ஒரு தரிசுக் காட்டில் வருஷத்துக்கு ஒருமுறை பைக் ரேஸ் நடக்கும். லேத் பட்டறை வைத்திருந்த என் அண்ணன் அதில் ஓட்டுவார். கோயில் விசேஷங்களில் அறிவிப்புச் சொல்லிப் பழகிய குரல் என்பதால் மைக் என்னிடம். பார்க்க வருகிற கொஞ்சம் பேரும் புழுதி தின்றுவிட்டுப் போவார்கள். கைக்காசு போட்டு நடத்தியவர்கள் ஓய்ந்துபோனதில் ரேஸே நின்றுவிடும்போல இருந்தது.

அப்போதுதான் ஒரு கிரைண்டர் கம்பெனி முதலாளி பொறுப்பேற்றார். குறை சொல்ல முடியாது. தண்ணீர் அடித்துப் புழுதியை அடக்கினார். பந்தல், நாற்காலி, பெண்களுக்குக் கழிப்பறை எல்லாம் வந்தன. டிக்கெட்டுக்குக் குலுக்கல், பரிசு ஒரு கிரைண்டர். தாராபுரத்திலிருந்தெல்லாம் வேன் பிடித்து வந்தார்கள். பைக்குக்கு எத்தனை சக்கரம் என்று கேட்டால் யோசிக்கிறவர்களும் வந்தார்கள்.

அண்ணன் பத்துச் சுற்றில் ஏழு வரை பைக்கை அடக்கியே ஓட்டுவார். கடைசி மூன்றில்தான் முறுக்குவார். பழைய ரசிகர்கள் அதற்காகவே காத்திருப்பார்கள். ஆனாலும் அவர் ஜெயித்ததே இல்லை. "இந்த வருசம் ஜெயிச்சுப்போட்டு நிறுத்திக்கறேன்" என்று அண்ணியிடம் சொல்லியிருந்தார்.

இறுதிப் போட்டியின் ஏழாவது சுற்றில் அவர் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தார். முதலாளி என் பக்கம் குனிந்தார்.

"தம்பி, சீஃப் கெஸ்ட் பெருந்துறைல ஒரு ரிசப்ஷனுக்குப் போகோணுமாம். குலுக்கல அவரு கையால எடுக்கோணும். இந்தச் சுத்தோட முடிச்சுக்கலாம்."

"இன்னும் மூணு சுத்து இருக்குதுங்க. அதுதானுங்க ரேஸே."

"சனங்க கிரைண்டருக்குத்தான் உக்காந்திருக்குது தம்பி."

திரும்பிப் பார்த்தேன். பந்தலில் எல்லோர் கையிலும் டிக்கெட் தயாராக இருந்தது. அவர் சொன்னது உண்மை என்பதால்தான் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது.

கட்டம் போட்ட கொடி அசைந்தது. அண்ணன் இரண்டாம் இடம். ஆனால் அவர் நிறுத்தவில்லை. முதலில் வந்தவர் ஓரங்கட்டிவிட்டார். யாருமில்லாத பாதையில் அண்ணன் மட்டும் மிச்சமிருந்த மூன்று சுற்றையும் முறுக்கி ஓட்டி முடித்தார். பழைய ரசிகர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். நான் மைக்கில் குலுக்கல் எண்ணைப் படித்துக்கொண்டிருந்தேன். அது அண்ணியுடைய எண்.

பைக்கும் கிரைண்டரும் ஒரே டெம்போவில் வீட்டுக்கு வந்தன.

மறுநாள் அண்ணி அரிசியைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். அணைக்கப் போனவரை, பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அண்ணன் தடுத்தார்.

"நிறுத்தாத அம்மணி. இதாச்சும் முழுசா ஓடட்டும்."