மணி அடித்தாலும் எழுந்திருக்காதீர்கள்

டுடோரியலில் பாடம் எடுப்பது, வேறு யாரோ கலந்து வைத்து ஆறிப்போன காப்பியைச் சூடு பண்ணிக் கொடுக்கிற வேலை. பால் நம்முடையதில்லை, டிகாக்ஷனும் நம்முடையதில்லை. அடிப்பிடித்தால் மட்டும் பழி நமக்கு. வளர்ந்தவர்களுக்குப் பாடம் சொல்லித் தொண்டை வறண்டவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சும்மா படித்துக்கொண்டிருக்கலாம்.

நான் மஸ்கட்டில் ஒரு குடிநீர் ஆலையின் லேப்பில் வெகுகாலம் இருந்துவிட்டு, ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயதில் ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பியவள். பத்தாவது வரை தமிழிலும் அதற்குப் பிறகு இங்கிலீஷிலும் படித்தேன். அதனால் அறிவியல் எனக்கு இரண்டு வீட்டில் வளர்ந்த பிள்ளை மாதிரி. எந்த வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் என்று எனக்கே சில சமயம் தெரியாது. தென்னூரில் ஒரு டுடோரியலின் மாடியில், பத்தாவதைத் தனித்தேர்வராக எழுதுகிறவர்களுக்கு அறிவியல் எடுக்க முடியுமா என்று கேட்டார்கள். லேப்பில் காலம் தள்ளியவளுக்கு இதென்ன பிரமாதம் என்று ஒப்புக்கொண்டேன்.

பாஸ் போதும்

அந்தப் பருவத்தில் என் முன் பெஞ்சில் மூன்று பேர். முதலாமவர் ஸ்ரீரங்கத்தில் மாலை கட்டும் கோவிந்தன். மனைவி பத்தாவது பாஸ், தான் பெயில் என்பதை வீட்டில் தினமும் கேட்டு, இனி பொறுப்பதில்லை என்று கிளம்பி வந்தவர். அடுத்தவர் அரியமங்கலத்து ஆட்டோ டிரைவர் பாஸ்கர். மூவரில் இளையவர், எதிலும் சந்தேகமே வராதவர். மூன்றாவது வசந்தா. திருவானைக்காவலில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையல் உதவியாளர். மற்ற பாடங்களையெல்லாம் இந்த வேலைக்கு வருமுன்பே தாண்டிவிட்டார். அறிவியல் மட்டும் பாக்கி. அந்தப் பள்ளியின் சத்துணவு அமைப்பாளர் ஓய்வு பெறப் போகிறார். அந்த இடத்துக்கு மனுப் போடப் பத்தாவது தேறியிருக்க வேண்டும். அடுத்த வருஷம் என்றால் வசந்தாவுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். ஆக, அவருக்கு இருந்தது இந்த ஒரு பரீட்சைதான்.

முதல் நாள் உற்சாகத்தில், உலகத்தைப் பார்த்து ஏன், எப்படி என்று கேட்பதுதான் அறிவியல் என்று வெகுநேரம் பேசினேன். பாஸ்கர் தலையாட்டினார். கோவிந்தன் கொட்டாவியைக் கைக்குட்டைக்குள் ஒளித்தார். வசந்தா பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "நீங்க நல்லாத்தான் சொல்றீங்க டீச்சர். எனக்கு உலகமெல்லாம் வேணாம், பாஸ் போதும்."

தலைகீழ் மலைக்கோட்டை

குவிலென்சின் குவியத் தொலைவைக் கண்டுபிடிக்க, தூரத்தில் இருக்கிற ஒரு பொருளின் பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழவைக்க வேண்டும். எங்கள் மாடி ஜன்னலில் தூரத்துப் பொருளுக்குப் பஞ்சமில்லை, மலைக்கோட்டையே நிற்கிறது. லென்சை முன்னும் பின்னும் நகர்த்தினேன். ஒரு இடத்தில் பாறையும் படியும் உச்சிப் பிள்ளையார் கோயிலும் பொட்டு மாதிரித் தாளில் வந்து உட்கார்ந்தன, தலைகீழாக. 'குவியத் தொலைவு' என்று நானே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பத்தாவதோடு என்னை விட்டுப்போன சொல், இத்தனை வருஷம் கழித்து அதே வெளிச்சத்தோடு திரும்பி வந்திருந்தது.

தாளைப் பிடித்திருந்த கோவிந்தன் பதறிவிட்டார். பிள்ளையார் கீழே, பாறை மேலே. சட்டென்று தாளைத் தலைகீழாகத் திருப்பினார். பிம்பம் அப்படியேதான் இருந்தது. மறுபடி திருப்பினார். பக்கவாட்டில் திருப்பினார். பிள்ளையார் அசையவில்லை. கோவிந்தனுக்கு நெற்றி வேர்த்துவிட்டது. பக்கத்தில் கைகட்டி நின்ற பாஸ்கர் ஆறுதலாகச் சொன்னார்: "பேப்பரைத் திருப்பி என்னாண்ணே ஆகப்போவுது? முடிஞ்சா மலையைத் திருப்புங்க."

பரீட்சைக்குப் பறித்த பூ

செம்பருத்தியை நெடுக்காக அறுத்துப் பாகங்களைப் பிரித்துக் காட்ட வேண்டும். இதில் கோவிந்தன் முதலாவதாக வருவார் என்று நினைத்தேன். அவர்தான் மாட்டிக்கொண்டார். லேப் பழக்கத்தில் நான், நிறம், வடிவம், வாசனை மூன்றையும் குறித்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். அவர் பூவை இடுப்புக்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றார். மோந்து பார்த்த பூ சாமிக்கு ஆகாது; அப்பா தொழில் பழக்கிய நாளிலிருந்து ஒரு பூவைக்கூட அவர் மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனதில்லையாம்.

வசந்தா நீதிபதி ஆனார். "அண்ணே, இது சாமிக்குன்னு பறிச்சதா? டுடோரியல் காம்பவுண்டுல, பரீட்சைக்குன்னு பறிச்சது. அறுக்கத்தான் போறோம்." கோவிந்தன் யோசித்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்தார். கண்ணை மூடிக்கொண்டு பூவை மூக்கருகே கொண்டுபோய் நன்றாக இழுத்தார். வகுப்பே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கண்ணைத் திறந்து என்னைக் குற்றம் சாட்டுகிற மாதிரிப் பார்த்தார்: "வாசனையே இல்லையே டீச்சர். இதுக்கா இவ்வளவு பாடுபட்டோம்?"

உள்ளங்கைச் சொட்டு

அமிலமா காரமா என்பதற்கு லிட்மஸ் தாள். தண்ணீர் கலந்த வினிகரைச் சோதனைக் குழாயில் ஊற்றி வசந்தாவிடம் கொடுத்தேன். தாளை எடுக்கத் திரும்பிய நேரத்தில், குழாயைச் சாய்த்து இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, கையை வாய்க்குக் கொண்டுபோய்விட்டார். கொதிக்கிற சாம்பாரில் உப்பு பார்க்கிற கை அது. குழாயானால் என்ன, குண்டானானால் என்ன. வினிகரோடு போயிற்று. செய்முறைத் தேர்வில் யாரும் வினிகர் வைக்கமாட்டார்கள், நிஜ அமிலம்தான் என்று சொல்லிச் சொல்லிப் பயமுறுத்தினேன்.

செய்முறைத் தேர்வு, அரசு ஒதுக்கிய ஒரு பள்ளியில் நடந்தது. அங்கே எனக்கு அனுமதி இல்லை. முடிந்து வந்ததும் மூன்று பேர் முகத்திலும் நல்ல களை. எப்படிச் செய்தார்கள் என்று கேட்டேன். பாஸ்கர்தான் பதில் சொன்னார்: "அக்கா கடைசி வரைக்கும் இடது கையை முதுகுக்குப் பின்னாடியே வச்சிருந்தாங்க டீச்சர். கையில அடியாம்மான்னு பரீட்சை வச்ச சாரே கேட்டுட்டாரு."

கால் முதலில் எழுந்துவிடுகிறது

எழுத்துத் தேர்வுக்கு முன்னால் ஒரு மாதிரித் தேர்வு வைத்தோம். கணக்கு எடுக்கும் சூசை சார் மேற்பார்வை. நிஜத் தேர்வு மாதிரியே இருக்கட்டும் என்று எங்கிருந்தோ ஒரு பித்தளைக் கைமணி கொண்டுவந்திருந்தார். முதல் ஒரு மணி நேரம் ஆனதும் அடித்தார். மற்றவர்கள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். வசந்தா மட்டும் பேனாவை மூடி, தாளைக் கொண்டுபோய் மேஜையில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். தாளை எடுத்துப் பார்த்தேன். எழுதின வரைக்கும் அத்தனையும் சரி. எழுதினது பாதிகூட இல்லை.

மாடிப்படியில் பிடித்தேன். அவருக்கே அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். போன வருஷமும் இப்படித்தான் பெயிலானாராம். நேரம் போதவில்லை என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். பள்ளியில் மதிய மணி அடித்தால் சோறு, சாம்பார், முட்டை எல்லாம் இறங்கியிருக்க வேண்டும், தட்டோடு வரிசை நின்றுவிடும்; வருஷக்கணக்காக அவர் உடம்பு அந்த ஒரு சத்தத்துக்குப் பழகியிருந்தது. நிலைமம் என்று போர்டில் இரண்டு நாள் எழுதிப் போட்டிருந்தேன். அது படியில் உட்கார்ந்து அழுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வசந்தா சொன்னார்: "புத்தி இருன்னுதான் சொல்லுது டீச்சர். காலு முதல்ல எழுந்திரிச்சிடுது."

சூசை சாரின் வைத்தியம்

வாட்ச் கட்டிப் பார்த்தோம். மணிச் சத்தம் வந்தால் வாட்ச்சை எங்கே பார்க்கிறார்? காதில் பஞ்சு வைக்கலாம் என்றார் பாஸ்கர். தேர்வு அறையில் விடமாட்டார்கள். சூசை சார்தான் வழி கண்டுபிடித்தார். மறுநாளிலிருந்து என் வகுப்பில் அவர் கைமணியோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். வசந்தா எழுதும்போது தோன்றியபோதெல்லாம் அடிப்பார். தனிம வரிசை அட்டவணைக்கு நடுவில் மணி. இதயத்தின் படம் பாதியில் மணி. முதலில் ஒவ்வொரு அடிக்கும் வசந்தா எழுந்தார். கோவிந்தன், "உட்காரும்மா, இன்னும் சோறே வடிக்கல" என்று உட்காரவைப்பார். அப்புறம் பாதி எழுந்து தானே உட்கார்ந்தார். அப்புறம் முழங்கால் மட்டும் ஆடியது.

கீழ்த்தளத்து டைப்ரைட்டிங் வகுப்பிலிருந்து புகார் வந்தது. சூசை சார் சளைக்கவில்லை. தேர்வுக்கு முந்தின நாள் வசந்தாவின் தலைக்குப் பின்னால் நின்று அடி அடி என்று அடித்தார். வசந்தா ஒளிச்சேர்க்கையை எழுதிக்கொண்டே இருந்தார், முழங்காலும் ஆடவில்லை. சூசை சார் மணியைக் கீழே வைத்து, காதைக் குடைந்துகொண்டு என்னிடம் சொன்னார்: "இந்தம்மா பாஸ் டீச்சர். நான்தான் இனிமே காது டாக்டரைப் பார்க்கணும்."

டீக்கடைக் காவல்

தேர்வு மையத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. மூன்று பேரும் உள்ளே போனதும் நானும் சூசை சாரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலையில் பெரிய பெரிய அளவீடுகளுக்குக் கையெழுத்துப் போட்டவள் நான். அப்போதெல்லாம் இப்படி நிமிஷத்துக்கொரு தரம் வாட்ச்சைப் பார்த்ததில்லை. முதல் மணி சாலை வரை கேட்டது. இரண்டு பேரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டைப் பார்த்தோம். யாரும் வரவில்லை. அடுத்த மணி அடித்தது. கேட் திறந்தது, நான் எழுந்துவிட்டேன். வாட்ச்மேன் வெற்றிலை துப்ப வந்திருந்தார்.

கடைசி மணிக்குக் கூட்டமாக வெளியே வந்தார்கள். பாஸ்கர் வந்தார், கோவிந்தன் வந்தார். வசந்தாவைக் காணோம். எல்லோரும் போன பிறகு, கட்டை விரலில் மையோடு, தூங்கி எழுந்தவர் மாதிரி வந்தார். தாளைக் கையிலிருந்து பிடுங்கித்தான் வாங்கினார்களாம். நான் மணியைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே கேட்டுவிட்டார்: "ஏன் டீச்சர், இங்க நடுவுல மணியே அடிக்கமாட்டாங்களா?"

ஒரு நிமிஷம்

முடிவு ஒரு வேலை நாளில், முற்பகலில் வந்தது. கோவிந்தன் தேறிவிட்டார், மனைவியிடம் செல்போனை மட்டும் நீட்டியதாகக் கேள்வி. பாஸ்கர் தேறவில்லை. செய்முறையில் நல்ல மார்க்கு, எழுத்தில் போய்விட்டது. சந்தேகமே வராமல் எழுதினதால்தான் அப்படி ஆயிற்று என்று அவரே கண்டுபிடித்து, அடுத்த தடவைக்கு இரண்டு சந்தேகம் தயார் பண்ணி வைத்திருந்தார். அந்த நிலையிலும் என்னை ஏற்றிக்கொண்டு திருவானைக்காவலுக்கு ஆட்டோவை விரட்டினவர் அவர்தான். வசந்தா தன் தேர்வு நம்பரை என்னிடம் கொடுத்து, "நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்றிருந்தார்.

சத்துணவுக் கூடத்தில் சாம்பார் இறங்கியிருந்தது. வசந்தா கரண்டியோடு நின்றார். என் முகத்தைப் பார்த்தார், பின்னால் பாஸ்கர் முகத்தைப் பார்த்தார். "பாஸ் வசந்தா, நல்ல மார்க்கு" என்றேன். "மனுவை இன்னிக்கே எழுதிடலாம்க்கா" என்றார் பாஸ்கர். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. வராந்தாவில் தட்டுகளின் சத்தம், வரிசை பிடிக்கும் சத்தம். வசந்தா கரண்டியைக் குண்டானின் மேல் குறுக்காக வைத்தார். அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தார். "மணி அடிச்சிடுச்சு" என்று நானே பதறிப்போய்ச் சொன்னேன். அவர் காலை நன்றாக நீட்டிக்கொண்டார்: "அடிக்கட்டும் டீச்சர். ஒரு நிமிஷம் உட்கார்ந்துக்கறேன்."

ஆறின காப்பியைச் சூடு பண்ணுகிற வேலைதான், ஆனால் சில நாள் நம் நாக்கையே சுட்டுவிடுகிற அளவுக்குக் கொதித்துவிடுகிறது.