'ஈரத்துண்டு' செல்வின்

பாவூர்சத்திரம் சந்தையில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது மாரியப்பன் போன் செய்தான். "ஏலே, செல்வின் அண்ணன் போயிட்டாவ" என்றான். மூட்டை ஏற்றுகிறவர்களின் கூச்சலில் கேட்கவில்லை என்று இன்னொரு முறை சொல்ல வைத்தேன். முதல் முறையே சரியாகத்தான் கேட்டிருந்தது.

'ஈரத்துண்டு' இசைக்குழுவை நினைவு வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எங்களைத் தெரியாத உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். செல்வின் கிடார், நான் பேஸ் கிடார், மாரியப்பன் டிரம்ஸ். பழைய குற்றாலம் போகும் வழியில், தகரக் கூரை போட்ட ஒரு லாட்ஜ் மொட்டைமாடிதான் மேடை. சீசனில் மட்டும் வாசிப்போம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகிறவர்கள் உடல் மினுங்க நின்று கேட்பார்கள். நாங்கள் வாசித்ததற்கு சைகடெலிக் ராக் என்று பெயர் என்பது எங்களுக்கே பிறகுதான் தெரிந்தது. செல்வின் ஒரு கம்பியைத் தொட்டால் அந்த ஒலி எழுந்து, வளைந்து, மலைமேல் மேகம்போலத் தங்கிவிடும். அடுத்த ஒலிக்கு அவசரமே இருக்காது. பாட்டுக்குள் இருக்கிறோமா மழைக்குள் இருக்கிறோமா என்று தெரியாமல், சாரல் முகத்தில் விழக் கண்மூடி நின்ற மாலைகள் அவை.

ஒருநாள் வெகுநேரம் பொறுத்துப் பார்த்த ஒரு கடைக்கார அண்ணாச்சி கேட்டார்: "தம்பி, சுருதி சேத்தது போதும். பாட்ட எப்பதான் தொடங்கப் போறிய?"

"முடிஞ்சிட்டு அண்ணாச்சி" என்றார் செல்வின், மிகப் பணிவாக.

மாரியப்பன் ஓங்கி அடித்தால் அவருக்குப் பிடிக்காது. "அருவி அடிக்குதுலா, நீ எதுக்குலே அடிக்கே?" என்பார். நாங்கள் சிரிப்போம். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது சென்னையில்தான் புரிந்தது.

லாட்ஜில் தங்கிய ஒருவர் நாங்கள் வாசித்ததைக் கேட்டுவிட்டு, சென்னையில் ஒலிப்பதிவுக்கு ஏற்பாடு செய்தார். கையிலிருந்த விரிவுரையாளர் வேலையை உதறிவிட்டுப் போனேன். ஒலிப்பதிவு அறையின் கதவை மூடியதும் நம் மூச்சே நமக்குக் கேட்கும் அமைதி. செல்வின் தொடங்கினார், நிறுத்தினார், மறுபடி தொடங்கினார். எதைப் பிடித்துக்கொண்டு வாசிப்பது என்று தெரியாமல் விழித்தார். குளியலறைக் குழாயைத் திறந்துவிடச் சொன்னார். ஒலிப்பதிவாளர் சிரித்தார்; குழாயைத் திறக்கவில்லை. சாப்பிடப் போன செல்வின் திரும்பவே இல்லை. தென்காசிக்கு பஸ் ஏறிவிட்டார்.

ஊருக்கு வந்து சண்டை போட்டேன். "என் வாழ்க்கைய நாசமாக்கிட்டியளே அண்ணே!"

"தண்ணிச் சத்தம் இல்லாத எடத்துல நான் வெறும் மரக்கட்டைலே. நீ வேற ஆளப் பாத்துக்கோ."

அதோடு ஈரத்துண்டு முடிந்தது. மாரியப்பன் டெம்போ ஓட்டப் போனான். விட்ட வேலை எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை, டுடோரியல்களில் தேய்ந்தேன். செல்வினிடம் அதன்பின் பேசவில்லை.

அடக்கத்துக்குப் போனேன். அவர் வாசித்ததைப் பேய்ப்பாட்டு என்று திட்டிய அதே சர்ச் பெரியவர்கள், "கர்த்தர் கொடுத்த தாலந்து" என்று உருகினார்கள். சண்டைக்கு வாயைத் திறந்தேன். மாரியப்பன் கையைப் பிடித்து இழுத்தான். "இங்கனயுமாலே?"

அவரை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். மன்னிக்கவில்லை. ஆனால் குத்துக்கல்வலசையில் என் வீட்டில் மார்கழியிலும் மின்விசிறி ஓடுகிறது. "இந்தக் குளிருல எதுக்கு ஃபேனு?" என்று மனைவி கேட்கிறாள். புழுக்கம் என்கிறேன். கண்மூடிக் கிடந்தால், அந்த இரைச்சலுக்கு அடியிலிருந்து மெல்ல அவருடைய கிடார் தொடங்கும். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டவை அந்த இரைச்சலும் இந்தக் கோபமும். இரண்டில் எதை நிறுத்திவிட்டும் எனக்குத் தூங்கத் தெரியாது.