தாழ்ப்பாள் வைக்காத கதவு

நம்புகிறவர்கள் நம்புங்கள். இல்லையென்றால், காதில் பூ சுற்றுகிறாள் என்று சிரித்துவிட்டுப் போங்கள். நானே அப்படிச் சிரித்தவள்தான். பேயாவது பிசாசாவது என்று அக்காவைச் சீண்டாத நாளில்லை. ஆனால் இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் கண்ணெதிரே.

என் தொழில் களிமண். கிண்ணம், சாடி, சுவரில் மாட்டும் ஓடு எல்லாம் செய்து சுட்டு விற்பேன். அக்கா, அப்பா, நான் என்று மூன்று பேர் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். அப்பாவுக்கு மறதி நோய். மதியம் தூங்கி எழுந்தால் போதும், துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்.

"வீட்டுக்குப் போலாம்மா. இருட்டிடும்."

அவர் கேட்பது எங்கள் பழைய வீட்டை. அதை இடித்து வருஷக்கணக்காகிறது. அக்கா ஒருமுறை அதைச் சொல்லிவிட்டாள். தேம்பித் தேம்பி அழுதார். மறுநாள் எல்லாம் மறந்து, மறுபடி பையோடு நின்றார். அதற்குப் பிறகு சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

அதனால்தான் அந்த வீட்டைக் களிமண்ணில் செய்தேன். ஒரு முழ உயரம். கண்ணால் பார்த்தாலாவது மனுஷன் அமைதியாவார் என்ற ஆசை. மூலை உடைந்த வாசற்படி, வளைந்துபோன ஜன்னல் கம்பி, எதையும் விடவில்லை. உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்காக முன்கதவை விரியத் திறந்து, களிமண் குழம்பு பூசி அப்படியே ஒட்டிவிட்டேன். தாழ்ப்பாள் மட்டும் செய்யவில்லை. மூடாத கதவுக்குத் தாழ்ப்பாள் எதற்கு?

அந்த வீட்டில் இருந்த காலத்தில், ராத்திரி கதவைப் பூட்டுவது அப்பாவின் வேலை. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, சந்தேகம் தீர இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். டக்... டக். அந்தச் சத்தம் கேட்டால்தான் எங்களுக்குத் தூக்கமே வரும்.

செய்து முடித்த அன்று அப்பாவைக் கடைத்தெருவில் இருக்கும் என் பட்டறைக்கு அழைத்து வந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். முகம் மலர்ந்தது. கட்டைவிரலை வாசற்படியை நோக்கி நீட்டினார். சட்டென்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தொடாதீங்கப்பா. ஈரம்."

"உள்ள போலாமா?"

"சுட்டு முடியட்டும். அப்புறம் போலாம்."

ஒரு சமாதானத்துக்குச் சொன்னேன். வேறென்ன சொல்ல முடியும்?

நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறையின் கரண்ட் சூளையில் வைத்தேன். பக்கத்துக் கடைகளெல்லாம் பூட்டு. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டிருந்தேன். மதியம் இரண்டு மணிக்குச் சூடு ஆயிரத்து இருநூறு டிகிரியைத் தொட்டது. டீ ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.

சரக்... சரக்...

செருப்பைத் தேய்த்துக்கொண்டு யாரோ நடக்கிற சத்தம். ஷட்டர் பக்கம் திரும்பினேன். யாரும் இல்லை.

சரக்...

வெளியே இல்லை. சூளைக்குள்.

உள்ளே சாமான் அடுக்கும் தட்டு சூட்டில் விரிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சூளையில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாகப் பார்த்தேன். உள்ளே எல்லாம் தணல் நிறம். நடுவில் வீடு. கதவு திறந்திருந்தது. வாசற்படியில் மட்டும் ஏதோ கறுப்பாக... கண் கூசுகிறது என்று விட்டுவிட்டேன்.

மணி இரண்டே கால். கிரீச்...

மறுபடி பார்த்தேன். கதவு பாதி மூடியிருந்தது.

இந்தச் சூட்டில் களிமண் கொஞ்சம் இளகும். சாய்ந்திருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

இன்னொரு முறை குனிந்தேன்.

கதவு மூடியிருந்தது.

டக்...

டக்.

சூளையை நிறுத்திவிட்டு, டீயை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தேன்.

வீட்டில் அக்காவுக்கு ஒரே சந்தோஷம். "இன்னிக்கு அப்பா பையையே தொடலடி!"

அப்பா நாற்காலியில் இருந்தார். கூப்பிட்டேன். திரும்பவில்லை. வலது கட்டைவிரலில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது.

"கையில என்ன?"

"தெரியல. மதியம் தூங்கி எந்திரிச்சா இவ்ளோ பெரிய கொப்பளம். நான் அடுப்பே பத்த வைக்கல."

"எப்ப எந்திரிச்சார்?"

"ரெண்டே கால் இருக்கும். 'வந்துட்டேன்'னார். அதுக்கப்புறம் வாயே தொறக்கல."

மறுநாள் சாயங்காலம்தான் சூளை ஆறியது. திறந்தேன். வீட்டின் கதவு இறுக மூடி, நிலையோடு ஒட்டிப்போயிருந்தது. வாசற்படியில் ஒரு கட்டைவிரல் ரேகை.

களிமண் சுட்டால் சுருங்கும். ஈரத்தில் பதிந்த ரேகை என்றால், அதுவும் கூடவே சுருங்கியிருக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து, அப்பாவின் விரலை மெல்ல அதன்மேல் வைத்துப் பார்த்தேன். அச்சு அசலாகப் பொருந்தியது. அப்படியானால் மண் சுருங்கி முடித்த பிறகு பதிந்த ரேகை அது. நெருப்புக்குள் இருந்தபோது.

மண் வீட்டின் ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். கதவின் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. நான் செய்யாத தாழ்ப்பாள்.

நோய் முற்றினால் இப்படித்தான் பேச்சு நின்றுபோகும் என்றார் டாக்டர். இருக்கலாம். அக்கா அதை ஒப்புக்கொள்ளவில்லை. சுத்தியலைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள்.

"உடைச்சிடு. அப்பா வெளிய வரட்டும்."

ஓங்கினேன். ஆனால் வெளியே வந்தால் அவர் முதலில் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். எந்த முகத்தோடு பதில் சொல்வேன்? சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்பா இன்றும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். ஊட்டினால் சாப்பிடுகிறார். ராத்திரி விளக்கை அணைத்ததும், அலமாரியில் இருக்கும் அந்த வீட்டிலிருந்து சத்தம் வரும். டக்... டக்.

அக்கா போர்வைக்குள் நடுங்குவாள். எனக்கு, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, உடனே தூக்கம் வந்துவிடுகிறது.