மகள் மாதிரி வளர்ந்த ஜூரேமா

ஜூரேமாவைப் பத்திப் பேச ஆரம்பிச்சா எனக்குக் கோவத்துல மூச்சு வாங்கும். பொறுத்துக்கங்க. நாப்பது வருஷத்துக்கு மேல பக்கத்துத் தோட்டத்துலயே இருந்து எல்லாத்தையும் பாத்தவ நான்.

அவ அம்மா ஒனோஃப்ரிங்கிற பண்ணைக்காரரோட மலைத்தோட்டத்துல காப்பி பறிச்சவ. காய்ச்சல்ல போய்ச் சேந்தப்ப ஜூரேமாவுக்கு ஏழு வயசு. ஒனோஃப்ரி பாதிரியார் முன்னாடி வச்சே, "இவளை நான் மக மாதிரி வளக்குறேன்"னாரு. ஊரே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுச்சு. எப்படி வளத்தாரு? அவரு பெத்த ரெண்டு பேரு, எவால்டோவும் இவோனியும், டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போனாங்க. இவ விடியறதுக்கு முன்னாடி பால் கறந்து சீஸ் கொட்டாய்க்குள்ள நின்னா. அவங்களுக்கு மாடில ரூமு. இவளுக்கு அடுப்படியை ஒட்டி மக்காச்சோள மூட்டைக்கு நடுவுல ஒரு கட்டிலு.

ஆனா ஒண்ணு சொல்லணும், மனுஷனுக்கு அவ மேல பாசம் நெசமாவே இருந்துச்சு. பொண்டாட்டி செத்தப்புறம் அவ கையால போட்டாத்தான் சாப்பாடு. "அப்பா"ன்னு அவ கூப்பிட்டா முகமெல்லாம் பல்லாயிடும். அவளுக்கு இருபத்தி நாலு வயசுல ஒரு லாரி டிரைவர் பொண்ணு கேட்டு வந்தான், தங்கமான பையன். "நீயும் போயிட்டா எனக்கு யாரு இருக்கா"ன்னு கிழவர் கண்ணைக் கசக்கினாரு. இவ போகல. பாசமாம்.

ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுல முள்கரண்டியை நீட்டி நிலத்தைப் பிரிப்பாரு. "மேட்டுக் காப்பித்தோட்டம் எவால்டோவுக்கு. ரோட்டோரம் இவோனிக்கு. ஓடைச்சரிவும் சீஸ் கொட்டாயும் ஜூரேமாவுக்கு." எல்லாரும் வாய் நிறைய சோத்தோட தலையாட்டுவாங்க. நான் ஒரு தடவை வாயை விட்டுக் கேட்டேன், "இதை எழுதி வச்சிட்டா என்னங்க ஐயா?"ன்னு. "என் வாய்ச்சொல்லுக்கு மேல எழுத்து வேணுமா, டில்சே?"ன்னு மொறைச்சாரு. நானும் தட்டைப் பாத்துக் குனிஞ்சுட்டேன்.

கடைசி மூணு வருஷம் அவரு படுக்கையில. பொரட்டிப் போட்டது, துடைச்சது, ஊட்டினது எல்லாம் ஜூரேமா. பெத்ததுங்க கிறிஸ்துமஸுக்கு வந்து போட்டோ எடுத்துக்கிட்டுப் போச்சுங்க.

அவரு செத்த ஏழாம் நாள் பூசை முடிஞ்சு வீட்டுக்கு வந்தோம். இவோனி நேரா போய் வெள்ளிக் கரண்டியை எண்ண ஆரம்பிச்சா. எவால்டோ சாவகாசமா சொன்னான்: "ஜூரேமா, ஜூன்ல வர்ற சான் ஜோவான் திருவிழா வரைக்கும் இங்க இருந்துக்க. அப்புறம் தோட்டத்தை விக்கப் போறோம்."

"ஓடைச்சரிவு எனக்குன்னு அப்பா சொன்னாரே அண்ணே."

"அவரு ஆயிரம் சொல்லுவாரு. சட்டப்படி ரெண்டு பிள்ளைங்கதான். நீ என்ன எங்க ரத்தமா?"

இவோனி கரண்டியை எண்ணிக்கிட்டே சொன்னா: "அப்பா கட்டிலை வேணா நீ எடுத்துக்க, நல்ல மரம்."

ஜூரேமா மேசையைத் துடைக்கப் போயிட்டா. நான் பேசினேன். பேசினதை இங்க சொல்ல முடியாது.

ஒரு வாரம் கழிச்சு ரெண்டு பேரும் இனிப்பு ரொட்டியோட வந்தாங்க, குரல்ல தேன் ஒழுகுது. விஷயம் என்னன்னா, கூலி இல்லாம இத்தனை வருஷம் உழைச்சவ கேஸ் போட்டா தோட்டமே கையை விட்டுப் போயிடும்னு யாரோ எவால்டோ காதுல போட்டிருக்காங்க. வக்கீலுக்குக் கொடுக்கக் கை வராத கஞ்சன், அவ கூலி கேக்க முடியாதபடி தானே ஒரு காகிதம் எழுதிட்டான். "ஜூரேமா இந்த வீட்டு வேலைக்காரி அல்ல. எங்கள் அப்பா அவளைத் தன் மகளாகவே வளர்த்தார். நாங்கள் அவளை உடன்பிறந்தவளாகவே நடத்தினோம். அவள் செய்ததெல்லாம் ஒரு மகள் தன் தகப்பனுக்குச் செய்தது." இப்படி ஒரு பக்கம்.

"சும்மா ஒரு கையெழுத்தும்மா. நீ எங்க தங்கச்சிதானே"ன்னு இளிச்சான். போன வாரம் ரத்தமான்னு கேட்ட அதே வாயி, நாக்கூசல பாருங்க.

பதிவு ஆபீஸ்ல எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். நானும் சாட்சியாப் போட்டேன், எழுதியிருந்ததுல பாதியாவது உண்மைதானேன்னு. முத்திரை குத்தி ஆளுக்கொரு நகல் குடுத்தாங்க.

வெளிய வந்ததும் எனக்கு மனசு கேக்கல. விவசாயத் தொழிலாளர் சங்கத்துல ஒரு வக்கீல் பொண்ணு இருக்கு, அதுகிட்ட ஜூரேமாவை இழுத்துட்டுப் போனேன். கூலியாவது கிடைக்குமான்னு கேக்கத்தான் போனோம். அந்தப் பொண்ணு காகிதத்தை ரெண்டு தடவை படிச்சிட்டு நிமிந்துச்சு.

"இதை யாரு எழுதினது?"

"எங்கண்ணன்"னா ஜூரேமா.

"அம்மா, நீங்க கூலி கேக்க வேண்டாம். பெறாட்டியும் மகளா வளத்தா மகதான்னு கோர்ட்டு ஒத்துக்கும், வளத்தவரு செத்துப்போயிருந்தாலும் சரி. அதுக்கு அத்தாட்சி வேணும். அதை உங்கண்ணனே முத்திரை குத்திக் குடுத்திருக்காரு. பங்கு கேளுங்க."

ரெண்டு வருஷத்துக்கு மேல இழுத்துச்சு. அதுவரைக்கும் யாரும் எதையும் விக்கக் கூடாதுன்னு கோர்ட்டு தடை போட்டுச்சு. ஜூரேமா கொட்டாயை விட்டு நகரல. சீஸை வாங்காதீங்கன்னு கடை கடையா ஏறிச் சொல்லிப் பாத்தா இவோனி. ஊர்ல ஒருத்தர் காதுலயும் ஏறல.

கடைசில நீதிபதியம்மா எவால்டோவை நேரா கேட்டாங்க: "இது நீங்க எழுதினதுதானே?"

"அது பாசத்துல எழுதினதுங்க அம்மா. மத்தபடி அவ வேலைக்காரிதான்."

"அப்படியா? வேலைக்காரின்னா அத்தனை வருஷமும் கூலி ஏன் குடுக்கல?"

அவன் இவோனியைப் பாத்தான், இவோனி தரையைப் பாத்தா. கூலியா பங்கா, எது கம்மியா போகும்னு ரெண்டும் மனசுக்குள்ள கணக்குப் போட்டது எனக்குக் கடைசி பெஞ்சு வரைக்கும் தெரிஞ்சுது. அப்புறம் முணுமுணுத்தான்: "தங்கச்சிதாங்க."

மூணுல ஒரு பங்குன்னு தீர்ப்பாச்சு. ஓடைச்சரிவும் கொட்டாயும் அவ பங்குல வந்துச்சு. நான் அன்னிக்கு ஒரு கோழி அடிச்சுக் குழம்பு வச்சேன்.

ஒரு மாசம் கழிச்சு அவளோட புதுப் பிறப்புச் சான்றிதழ் வந்துச்சு. தகப்பன் பேரு இருக்கிற எடத்துல ஒனோஃப்ரின்னு போட்டிருந்தது. அவளுக்கு அப்ப அம்பத்தி மூணு வயசு. சந்தோஷத்துல அழுவான்னு நான் துண்டை எடுத்து வச்சிருந்தேன். அவ சான்றிதழை மேசையில கவுத்துப் போட்டா.

"பதிவு ஆபீஸ் கோயிலுக்குப் பின்னாடியே இருக்கு, டில்சே அக்கா. ஞாயித்துக்கிழமை தவறாம என்னை வண்டியில பின்னாடி உக்கார வச்சு அதைத் தாண்டித்தான் ஓட்டிட்டுப் போனாரு. எறங்கி என்னை மகள்னு எழுதி வச்சிருந்தா அரை மணி நேர வேலை. பெத்த பிள்ளைங்க மூஞ்சியைத் தூக்கிக்குவாங்கன்னு பயம் அவருக்கு. அவங்க கோவிச்சுக்கக் கூடாதுன்னு என்னை அம்பலத்துல நிக்க விட்டுட்டாரு."

செத்தவரைத் திட்டாதடின்னு சொல்ல வாயெடுத்தேன். துண்டைத்தான் மடிச்சு வச்சேன்.

"ஊருக்கு அவரு பெரிய மனுஷன். எனக்கு அவரு கோழை"ன்னு சொல்லிட்டு, கொட்டாய்ல சீஸுக்கு வச்ச பால் திரிஞ்சிருக்கும்னு எந்திரிச்சுப் போயிட்டா.