கட்டிலில் கிடத்திய படகுப்பொறி

கட்டிலின் நடுவே, நோயுற்றவரைக் கிடத்தியதுபோலப் போர்வை போர்த்தி, படகை ஓட்டும் இயந்திரமாகிய படகுப்பொறி ஒன்று கிடந்தது. விரி என்னும் புறநகரில் நான் முன்பு பணியாற்றிய மீன் குளிர்பதனக் கிடங்கில், எங்கள் பிரிவுத் தலைவர் தம் கைபேசியில் காட்டிய படம் அது. மெக்சிகோவின் சிறியதொரு கடலோர ஊர் அவருடையது. காயலில் இறால், கடலில் மீன், திருவிழாக் கிழமையில் நீராட வருவோர்க்கு ஓலைப்பந்தலில் பொரித்த மீன். இவையன்றி அவ்வூரார்க்குப் பிழைப்பில்லை. அனைத்தும் படகுப்பொறியை நம்பியே நடந்தன. புயல் அறிவிப்பு வந்தால் பொறியைக் கழற்றி வீட்டினுள் கிடத்துவர். மற்றவர்கள் மேட்டிலுள்ள பள்ளிக்கூடத்திற்குச் செல்ல, களவுக்கு அஞ்சி ஒருவர் மட்டும் காவல் நிற்பார்.

அந்தப் படம் வந்த புயலன்று காவல் நின்றவர் தலைவரின் தமையனார். பொறியை விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போகும்படி தலைவர் தொலைபேசியில் மன்றாடிக்கொண்டிருந்தபோதே தொடர்பு அறுந்தது. அதன்பின் தலைவர் ஒரே மீன்பெட்டியை மீண்டும் மீண்டும் எடைபோட்டார். காற்று என்ன செய்யும் என்பதை யாழ்ப்பாணக் கரையில் வளர்ந்த நான் அறிவேன். 

மறுநாட்காலை இன்னொரு படம் வந்தது. வீட்டுக்குக் கூரையில்லை. சேறு படிந்த கட்டிலில் பொறி மட்டும் கிடந்தது, ஆளைக் காணவில்லை. தலைவர், அண்ணன் எங்கே என்று கேட்டு எழுதினார். மறுமொழியைப் படித்தவர் சிரித்தபடியே அழுதார். அவர் விளக்கியதை என் தமிழில் சொல்வதானால்: "படம் எடுத்தது ஆர், மடையா? பொறியோ?"

இன்று நாங்கள் குடியிருக்கும் பிளாட் புஷ்ஷில் காலைமுதல் அடைமழை. எங்கள் தெருவில் வெள்ளம் ஏறத் தொடங்கியதும், ஈஸ்ட் டாமாக்கியிலிருந்து பொதிகள் கொண்டுசெல்லும் என் மகன் தன் வான் வண்டியின் சாவியை எடுத்தான்.

"அப்பா, வானை மேட்டில விட்டிட்டு வாறன்."

"வேண்டாம் தம்பி. வான் போனால் போகட்டும்."

"அது போனா வேலையும் போச்சு. நீங்கள் பேசாம இருங்கோ."

சற்றுமுன் அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. மேட்டுத் தெருவில் வான் தீங்கின்றி நிற்கிறது. அவன் நடந்து திரும்பவேண்டிய வழியோ, படத்தின் ஓரத்தில், பழுப்பு நீராய் ஓடுகிறது. அழைத்தேன்; எடுக்கவில்லை. படம் எடுத்தவன் அவன்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவனுடைய அறையில் கட்டில் வெறுமையாகக் கிடக்கிறது. வாயிற்கதவு இன்னும் திறக்கவில்லை.